கை படாத ஒரு சாண்

என் அண்ணனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஒருவருக்கு நீச்சல் தெரியாது, ஒருவருக்குப் பாடத் தெரியாது, இவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் அதன் கால் ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடாவிட்டால் ஆட்டிப் பார்ப்பார். டீ கொடுத்தால் கோப்பையின் பிடியைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

செய்த வேலை அப்படி. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், எண்ணெய் வாடையடிக்கும் மோட்டார் அறையில் நின்றுகொண்டு, காதைச் சாய்த்து, "மூணாவது மாடிக்கிட்ட ஏதோ முனகுது" என்பார். போய்ப் பார்த்தால் முனகிக்கொண்டிருக்கும். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் ஸ்பானர். அந்தப் பெயர் தெருவுக்கும் வந்து, பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்பானர் மாமா ஆகிவிட்டார். லிஃப்டில் எதையும் அப்புறம் பார்க்கலாம் என்று விடக்கூடாது, விட்டால் ஆள் போய்விடும் என்பது அவர் கற்ற பாடம். அந்தப் பாடத்தை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எங்கள் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்தார். அண்ணிக்குப் பிடித்தது சனி.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அவருக்கு ஒரே தங்கை. அவர்கள் மாடியில், நான் கீழே. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். என் வாய்க்கு ஹாரனே தேவையில்லை என்று அண்ணன் சொல்வார், இருக்கட்டும். நாத்தனார் என்றால் அண்ணன் பக்கம் நிற்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். நான் என்றைக்குமே அண்ணி பக்கம்தான். ஏனென்று கேட்டால், அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். என் பொம்மைகளில் ஒன்றுக்குக்கூடத் தலை உடம்போடு இருந்ததில்லை.

அண்ணி ஆஸ்பத்திரி லேபில் இருந்தவர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் உலகமே இடிந்தாலும் நகர மாட்டார். அதிகம் பேச மாட்டார். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. அவர் ஓய்வு பெற்ற அன்று லேபில் இருந்தவர்கள் ஒரு ஆர்க்கிட் செடியைக் கொடுத்தனுப்பினார்கள். கண்ணாடி போன்ற சின்னத் தொட்டி, நாலைந்து தடித்த இலைகள், வளைந்த காம்பு, அதில் வெள்ளைப் பூக்கள் வரிசையாக. நடுவில் மட்டும் லேசான ஊதா. அண்ணி அதைக் கிழக்கு ஜன்னலில் வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு, ரேடியோவைப் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பார். அவ்வளவு வருஷம் நின்று வேலை செய்த பெண்ணுக்கு அதுதான் சொர்க்கம்.

ஸ்பானருக்குப் பொறுக்குமா? நாற்காலி உயரம் சரியில்லை என்று காலை அறுத்தார். அடுப்படி அலமாரியைக் கழற்றி ஒரு முழம் மேலே ஏற்றினார். அண்ணிக்கு எட்டவில்லை. மூக்குக்கண்ணாடி திருகைத் திருகித் திருகி ஒரு காலே கழன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு திருகு மிச்சமிருக்கும். அவற்றைப் போட்டு வைக்கவே ஒரு ஜாம் பாட்டில் வைத்திருந்தார், அது பாதி நிறைந்திருந்தது.

கடைசியில் ஒரு நாள் அண்ணி குளித்துவிட்டு வந்து பார்க்கிறார், ரேடியோ அக்குவேறு ஆணிவேறாகச் செய்தித்தாள் மேல் கிடக்கிறது.

"ஓடிக்கிட்டிருந்ததை ஏங்க பிரிச்சீங்க?"

"இல்லம்மா, சத்தத்துல ஒரு சின்ன கரகரப்பு..."

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேசாமல் உள்ளே போய் பெரிய பெட்டியை எடுத்தார். மகளுக்கு அது பிரசவ நேரம், எப்படியும் போக வேண்டியதுதான். ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே கிளம்பினார், கம்பளிப் போர்வை வரை எடுத்துக்கொண்டு. ரயில் நிலையத்துக்கு நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டேன்.

"எப்ப அண்ணி வருவீங்க?"

"தெரியல பாப்பா." எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இந்த வீட்டில் இன்னும் பாப்பாதான். "திரும்பி வரணுமான்னே யோசிக்கிறேன். அந்த வீட்டுல நான் வச்சது ஒண்ணுகூட வச்ச இடத்துல இல்ல. நானும் ஒரு நாள் பேப்பர் மேல கிடப்பேனோன்னு இருக்கு."

வீட்டுக்கு வந்த வேகத்தில் படியேறிப் போய், அதை ஒரு வார்த்தை விடாமல் அண்ணனிடம் சொன்னேன். வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை நானும் சேர்த்துக்கொண்டேன். அவர் ரேடியோவின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அதன் பக்கமே அப்புறம் போகவில்லை. அதைப் பார்க்கவே அவருக்குப் பயம்.

ஜன்னலில் ஆர்க்கிட் இருந்தது. அண்ணி ஆசையாக வைத்திருந்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

கொஞ்ச நாளில் பூக்கள் வாடி விழ ஆரம்பித்தன. அண்ணன் கீழே ஓடி வந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா, செடி செத்துக்கிட்டு இருக்கு!"

"பூன்னா உதிராம? பிளாஸ்டிக்கா அது?"

"உங்க அண்ணி வரும்போது இதுல பூ இருக்கணும். பூ வந்துட்டா அவ வந்துடுவா."

"யார் சொன்னது? அண்ணி சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான், மனுஷன் முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்தச் செடி படாத பாடு பட்டது. காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், நடுவில் "எனக்கே தாகமா இருக்கு" என்று இன்னொரு தரம். இலைகளை எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கினார். தொட்டிக்கு வெளியே சாம்பல் நிறத்தில் நாலைந்து வேர்கள் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டதாம். லிஃப்ட் குழியில் ஒயர் எதுவும் தொங்கக்கூடாது, தொங்கினால் முதலில் அதை வெட்டி ஓரம் கட்டு என்பது தொழில். கட்டிங் பிளேயரை எடுத்து அத்தனையையும் ஒட்ட நறுக்கி, வெட்டின நுனிகளில் இன்சுலேஷன் டேப்பும் சுற்றிவிட்டார்! உலகத்தில் வேறு எவனாவது செடிக்கு டேப் சுற்றியிருப்பானா?

இலைகள் தொளதொளவென்று தொங்கின. ஒரு இலை மஞ்சளாகிக் கையோடு வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு, செடியையும் அவரையும் வேனில் ஏற்றி, பெரிய சாலையில் இருக்கும் நர்சரிக்குக் கொண்டுபோனேன்.

நர்சரிக்காரம்மா டேப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அண்ணனைக் காட்டினேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. செடியைத் தொட்டியிலிருந்து உருவினார். உள்ளே வேர்கள் பழுப்பாக, கொழகொழவென்று, ஊறிப்போன சணல் மாதிரி இருந்தன.

"ஐயா, தண்ணி ஊத்தியே கொன்னுருப்பீங்க. இது மரத்துல தொத்திக்கிட்டு வாழுற சாதி. மண்ணே வேணாம். நீங்க வெட்டினீங்களே, அந்த வேர்தான் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும்."

"அப்ப அது ஒயர் இல்லையா?" என்றார் அண்ணன், பரிதாபமாக.

அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, மரப்பட்டைத் துண்டுகளும் கரியும் கலந்து வேறு தொட்டியில் வைத்துக் கொடுத்தார். வேர் வெள்ளையடித்தாற்போல இருந்தால் தண்ணீர் ஊற்று, பச்சையாக இருந்தால் ஊற்றாதே, இலைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கக் கூடாது, நேர்வெயில் வேண்டாம். சொல்லிவிட்டுக் கடைசியில், "மத்தபடி சும்மா விடுங்க" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்கிறாரே!

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கே இப்போதும் உடம்பு பதறுகிறது. செடியைத் தொடக்கூடாது என்றதும் அவருடைய கை ஊரெல்லாம் மேய ஆரம்பித்தது. என் வீட்டுக் குழாய்களைக் கழற்றினார். பக்கத்து வீட்டு கேட் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் விட்டார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மகன் எப்போது வீட்டுக்கு வருகிறான் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்த அந்த வீட்டம்மா சண்டைக்கு வந்தார். என் வேனின் வைப்பரைச் சரி செய்தார், அது வெயிலிலும் ஆடியது. ராத்திரி என் தலைக்கு மேலே குட்டி போட்ட பூனை மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கும் சத்தம் கேட்கும். நான் துடைப்பக் கட்டையால் மேல்தளத்தை இடிப்பேன். ஒரு நிமிஷம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

அங்கே பேரன் பிறந்து, கவிழ்ந்து, தவழவும் தொடங்கிவிட்டான். அண்ணி போன் செய்வார். குழந்தையைக் காட்டுவார். "சாப்டீங்களா?" "சாப்டேன்." "மருந்து?" "போட்டாச்சு." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஓடாது. எப்போது வருகிறாய் என்று இவர் கேட்க மாட்டார். வருகிறேன் என்று அவரும் சொல்ல மாட்டார். செடியைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. பூத்த பிறகுதான் சொல்ல வேண்டுமாம்.

ஒரு நாள் காலை நான் மாடிக்குப் போனபோது கையில் கத்தரிக்கோலோடு செடி முன்னால் நிற்கிறார். இலையடியிலிருந்து பச்சையாக ஒன்று முளைத்திருந்தது.

"தப்பான இடத்துல வேர் வந்திருக்கு பாப்பா."

"அய்யோ அண்ணே, கத்தரிக்கோலைக் கீழ வைங்க!"

அதைக் கைபேசியில் படம் எடுத்து நர்சரிக்காரம்மாவுக்கு அனுப்பினேன். வேர் என்றால் நுனி உருண்டையாக இருக்கும், இது குழந்தைக்குப் போடும் கையுறை மாதிரி தட்டையாக இருக்கிறதே, பூக்காம்பு, வெட்டித் தொலைக்காதீர்கள் என்று பதில் வந்தது. அண்ணன் கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

சரி, இனிமேலாவது விட்டாரா? காம்பு வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கம் சாய்ந்தது. இவருக்குக் கொத்தனார் தூக்குநூல் பிடித்தாற்போல நேராக இருக்க வேண்டும். சாய்ந்ததும் தொட்டியைத் திருப்பி வைப்பார். அது மறுபடி வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும். இவர் மறுபடி திருப்புவார். இவருக்கும் அதற்கும் போட்டி. கடைசியில் காம்பு இப்படியும் அப்படியுமாக ஒடித்து ஒடித்து மலைப்பாதை மாதிரி வளர்ந்து நின்றது. நுனியில் மிளகு அளவுக்கு மொட்டுகள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகள் போன் செய்தாள். நானும் மாடியில் இருந்தேன்.

"அப்பா, அம்மா இனி இங்கயே இருக்கட்டுமேப்பா. குழந்தைக்கும் நல்லாருக்கு. அம்மா இங்க நிம்மதியா இருக்காங்க. மத்தியானம் தூங்குறாங்கப்பா."

"அம்மா என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. நீங்க சரின்னா சரின்னாங்க."

அண்ணன் "அவ இஷ்டம்மா" என்று போனை வைத்துவிட்டார். அவர் எழுந்தார், செடியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார், அங்கே வைத்தார், திருப்பித் தூக்கினார், அடுப்படிக்குப் போனார், பால்கனிக்குப் போனார், எங்கே வைப்பதென்று தெரியாமல் வீடு முழுக்கச் சுற்றினார். நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் மாதிரி இருந்தது.

"வைங்கண்ணே அதை!" என்று கத்தினேன். "வச்ச இடத்துல எதையுமே விடமாட்டீங்களா? அதனாலதானே அவங்க போனாங்க!"

அவர் நின்றார். பிறகு கிழக்கு ஜன்னலில், அது முதலில் இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாளே மொட்டுகளில் மூன்று மஞ்சளாகிச் சுருங்கின. அதற்கடுத்த நாள் விழுந்தன. நர்சரிக்காரம்மாவைக் கேட்டேன். மொட்டு விட்ட செடியை இடம் மாற்றினாலே இப்படித்தான் கொட்டும், காம்பு கோணலானதுகூடத் திருப்பித் திருப்பி வைத்ததால்தான் என்றார். அண்ணனிடம் சொன்னேன். விழுந்த மொட்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நான் தொட்டதெல்லாம் இப்படித்தான் போகுதா பாப்பா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவர் அண்ணியின் நாற்காலியில் செடிக்கு எதிரே உட்கார ஆரம்பித்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். நெற்றி வியர்க்கும். காம்பு ஜன்னல் பக்கம் சாயும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார். எழுந்து போனால் எதிலாவது கை வைத்துவிடுவோம் என்று பயந்து அங்கேயே இருப்பார். வேர் வெளுத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. ராத்திரி நடையும் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத்தான் தூக்கம் வராமல் போயிற்று. ஒரு நாள் பதறிப்போய் மேலே ஏறிப் பார்த்தேன், இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"தூங்கலையாண்ணே?"

"இருக்கேன், போ" என்றார்.

அண்ணி வருவதாக எனக்குத்தான் தகவல் வந்தது. ரயில் நிலையத்துக்குப் போனேன். இறங்கியவர் கையில் ஒரே ஒரு சின்னப் பை. பெரிய பெட்டி இல்லை.

"பெட்டி எங்க அண்ணி?"

"அங்கயேதான் இருக்கு. இங்க மிச்சம் இருக்கிற துணிமணியை எடுத்துட்டு, அவர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

வழியெல்லாம் நான் ஹாரன்கூட அடிக்கவில்லை.

மாடிக்குப் போனோம். அண்ணன் எழுந்து நின்றார். "வா" என்றார். அண்ணி அவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். காம்பில் ஒரே ஒரு பூ, வெள்ளையாக, நடுவில் ஊதா. மேலே இன்னும் இரண்டு மொட்டு. அண்ணி பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனார். மைக்ராஸ்கோப் பார்க்கும் கண் அது, ஒன்றும் தப்பாது. அடியிலிருந்து ஆரம்பித்தார்.

"இங்க திருப்பி வச்சிருக்கீங்க. இங்க ஒரு தடவை. இங்க, இங்க, இங்க..." விரல் தொடாமல் ஒவ்வொரு ஒடிவாக மேலே ஏறியது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பூவுக்குக் கீழே விரல் நின்றது. அங்கே காம்பு ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு கோணல் இல்லாமல், வெளிச்சத்தைப் பார்த்துப் போயிருந்தது.

"இதுக்கு மேல தொடவே இல்லையே." அண்ணி திரும்பினார். "அப்ப எங்க போயிருந்தீங்க? ஊர்ல இல்லையா?"

"இங்கதான் இருந்தேன்," என்றார் அண்ணன்.

அண்ணி அவருடைய கைகளைப் பார்த்தார். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். அறுத்த கால் நாற்காலிதான், லேசாக ஆடியது. அதைச் சரி செய்ய அண்ணன் குனியவில்லை.

அண்ணி கேட்டார். "என் ரேடியோ?"

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்து, தூசி தட்டி, அண்ணியின் காலடியில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. "மாட்டட்டுமா?" என்றார்.

கேட்டுவிட்டு ஒரு பொருளில் அவர் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணி டின்னை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "ம், மாட்டுங்க" என்றார்.

மாட்டி முடித்தபோது ஒரு திருகு மிச்சமிருந்தது. அதைப் பார்த்து அண்ணி சிரித்தார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ரேடியோ பாடியது. முன்பைவிடக் கரகரப்பாகத்தான் பாடியது, யாரும் அதைச் சொல்லவில்லை. அப்போது மகளிடமிருந்து போன் வந்தது, போய்ச் சேர்ந்தீர்களா, எப்போது திரும்புகிறீர்கள் என்று.

"அந்தப் பெரிய பெட்டியை," என்றார் அண்ணி, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், "யார்கிட்டயாவது கொடுத்தனுப்பிடும்மா."